வண்டலுக்குள் ஒரு வடக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு தாமிரபரணிக் கரை முழுக்க ஒரே கேள்விதான் நடமாடியது. இதற்கு முன்னால் இப்படி வந்ததுண்டா? எங்கள் ஊர் ஏரல் தீவாகக் கிடந்தது. பாலம் சேதமாகி அக்கரைப் போக்குவரத்து அற்றுப்போனது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுகொண்டிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த ஊர் இருக்கும் மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதே 65 சென்டிமீட்டரை ஒட்டித்தான். வயதானவர்கள் 1992 நவம்பரைச் சொன்னார்கள். அதற்கும் முன்னால் என்று கேட்டால் அப்பா சொன்னது, தாத்தா சொன்னது, ஏரல் சேர்மன் கோயில் பக்கம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பேச்சு போகும், அங்கேயே நின்றும்விடும். மழைமானிக் கணக்கு நம் நாட்டில் ஓரளவு தொடர்ச்சியாகக் கிடைப்பது நூற்றைம்பது ஆண்டுச் சொச்சத்துக்குத்தான். அதற்கு அப்பாலுள்ள காலத்தைப் பற்றி, ‘வரலாறு காணாத வெள்ளம்’ என்று எழுதுகிற பத்திரிகைக்காரரிடமும், ‘இதெல்லாம் எப்பவும் வாறதுதான்’ என்று டீக்கடையில் முடித்துவைக்கிறவரிடமும் இருக்கும் ஆதாரம் ஒரே அளவு. இரண்டு பேரிடமும் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குள் போக விரும்புகிறவர்கள் கடைசியில் சேற்றில்தான் கைவைக்கிறார்கள். மழை மலையை அரித்து ஆற்றில் விடுகிறது, ஆறு கடலில் விடுகிறது, கடல் அடுக்கி வைத்துக்கொள்கிறது. மேலே கிடப்பது நேற்றையது, கீழே போகப்போகப் பழையது. நீளமான குழாயைக் கடலடியில் இறக்கி, அடுக்குக் குலையாமல் சேற்றை மேலே எடுத்து, அதிலுள்ள நுண்ணுயிர் ஓடுகளையும் மகரந்தத்தையும் வைத்துப் பழைய காலநிலையைக் கணிக்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்துப்போன பிரிவு சேற்றின் காந்தத்தை அளப்பது. அதன் முதல் பாடம் ஆற்றங்கரைப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, நூலில் கட்டி ஆற்றுமணலில் இழுத்துக்கொண்டு போனால், முள்முள்ளாகக் கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தாளில் கொட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தி ஆடவிடாத பிள்ளை எங்கள் பக்கத்தில் அபூர்வம்.

அந்தத் தூளில் பெரும்பங்கு மேக்னடைட் என்னும் இரும்புத் தாது. அது வந்த வழி நீண்டது. பொதிகை மலையும் அதைச் சுற்றிய தொடரும் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகளால் ஆனவை. பூமியின் அடி ஆழத்தில் வெந்து, இறுகி, மேலே வந்த மிகப் பழைய பாறைகள். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்டின் கல்லறைக் கல் இந்த வகையாக இருந்தது. அதை வைத்து ஹாலந்து என்ற நிலவியலாளர் பெயர் சூட்டினார். சென்னைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காலங்காலமாக மிதிபட்டுக் கிடந்த பாறை ஒரு வெள்ளைக்காரரின் சமாதி வழியாகப் பெயர் பெற்றதைப் பெரிய வேடிக்கையாகவே நினைக்கிறேன்.) இந்தப் பாறைகளுக்குள் மேக்னடைட்டும் இல்மனைட்டும் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கின்றன. மழையும் வெயிலும் பாறையை மண்ணாக்கும்போது மற்றவை கரைந்தும் களியாகியும் போகும். இவை எளிதில் கரையாது. சாதாரண மணலைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம் வேறு. வெள்ளம் வந்தால்தான் இடம் பெயரும். வெள்ளம் வடிந்தால் மணல்திட்டின் ஓரத்தில் கறுப்புக் கோடாகத் தங்கிவிடும்.

கடலுக்குள் போய்ச் சேர்வது இதன் மிகப் பொடியான பங்கு. கடலடிச் சேற்றில் காந்தத் தாதுக்கள் நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. ஆனால் அளக்கும் கருவிக்கு அது போதும். உள்ளீடற்ற வளையம் ஒன்று, அதற்குள் கம்பிச் சுருள், சுருளில் மிக மெல்லிய மாறுமின்னோட்டம். குழாயிலிருந்து எடுத்த சேற்றுத் தண்டை அந்த வளையத்துக்குள் மெல்ல நகர்த்தினால், இரும்பு கூடின இடத்தில் எண் கூடும், குறைந்த இடத்தில் குறையும். காந்த ஏற்புத்திறன் என்பது அதற்குப் பெயர். சேற்றை அறுக்க வேண்டியதில்லை, அமிலத்தில் போட வேண்டியதில்லை. கப்பல் தளத்தில் சேறு வந்து இறங்கியதும் முதலில் செய்கிற வேலைகளில் இது ஒன்றாகிவிட்டது. பிரிட்டனில் ராய் தாம்ப்சனும் ஃபிராங்க் ஓல்ட்ஃபீல்டும் 1970களில் ஏரிச் சேறுகளில் தொடங்கிப் பழகிய வித்தை இது. 1986இல் அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய நூல்தான் இந்தத் துறைக்குச் சுற்றுச்சூழல் காந்தவியல் என்ற பெயரை நிலைநிறுத்தியது.

இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காந்தத் துகள்கள் படியும்போது அன்றைய பூமியின் வடக்கு நோக்கித் திரும்பிப் படிகின்றன. அதை வைத்து, பூமியின் காந்த முனைகள் எப்போது தலைகீழாகின என்று கண்டுபிடிக்கலாம். கடைசியாகப் புரண்டது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அது திசையின் கணக்கு. காலநிலை தேடுகிறவர்களுக்கு அந்தத் திசை சேற்றின் வயதைக் கட்டுவதற்கு மட்டும்தான் வேண்டும். அவர்கள் கேட்பது வேறு. எவ்வளவு இரும்பு, எந்தப் பருமன், எந்த வகை? மண் உருவாகும்போது ஈரத்திலும் வெயிலிலும் புதிதாகப் பிறக்கும் இரும்புத் துகள் மிக நுண்ணியது, மில்லிமீட்டரைப் பல்லாயிரம் கூறாக்கினால் வரும் அளவு. பாறையிலிருந்து நேரே உடைந்தது பருமனானது. கருவியின் அதிர்வெண்ணை மாற்றி இருமுறை அளந்தாலே இரண்டையும் ஓரளவு பிரித்துவிடலாம். வகையைக் கண்டுபிடிக்க வலுவான காந்தத்தில் ஒருமுறை வைத்து எடுத்து, பிறகு எதிர்த்திசையில் காந்தம் கொடுக்கிறார்கள். கறுப்பு மேக்னடைட் சட்டென்று திரும்பிவிடும். சிவப்பு ஹெமடைட் லேசில் திரும்பாது.

சிவப்பு என்றதும் ஏரல்காரர்களுக்கு வேறெதுவும் நினைவுக்கு வர வேண்டியதில்லை. ஆற்றைத் தாண்டித் தெற்கே குரும்பூர், காயாமொழி பக்கம் போனால் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேடு, இன்னும் தள்ளிச் சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகள். அந்த மணலின் ஒவ்வொரு பொடியிலும் ஹெமடைட் பூசியிருக்கிறது. இதில் ஒரு விந்தை உண்டு. தேரியின் சிவப்பும் ஆற்றின் கறுப்பும் வேறுவேறு வம்சமல்ல. கடல் உள்வாங்கிக் கிடந்த காலத்தில் வெளிப்பட்ட கரையோர மணலைக் காற்று அள்ளி உள்ளே கொண்டுவந்தது என்பது ஆய்வாளர்கள் சொல்வது. அதிலிருந்த மேக்னடைட், இல்மனைட், கார்னெட் எல்லாம் வெயிலிலும் ஈரத்திலும் சிதைந்து துருவேறியதால் வந்த நிறம் இது. மணல் பொடி கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கணிக்கும் ஒளிர்வு முறையில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, சாத்தான்குளம் பக்கத்து உள்நாட்டுத் தேரி ஏறத்தாழ 11,400 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,600 ஆண்டுகளுக்கு முன்பு வரை குவிந்ததாகச் சொல்கிறது. தேரிகளில் பொறுக்கிய நுண்கற்கருவிகளை வைத்து 1956இல் சாய்னரும் ஆல்சினும் எழுதிய கட்டுரை, பழைய கடல்மட்டக் கணக்கில் ஏறத்தாழ கி.மு. 4000 என்று வந்து நின்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று பெரிய பகையில் இல்லை.

ஆக, மன்னார் வளைகுடாச் சேற்றில் ஒரு குழாயை இறக்கினால் கதை நேராக இருக்க வேண்டும் என்று தோன்றும். கறுப்பு கூடிய அடுக்கு ஆறு பெருகிய காலம், அதாவது மழைக்காலம். சிவப்பு கூடியது காற்றடித்த காலம், அதாவது வறட்சி. பாடப்புத்தகத்துக்கு இது அழகாக இருக்கும். ஏரலுக்குப் பொருந்தாது.

ஏனென்றால் இங்கே ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை மலை உச்சியில் கொட்டும், தாமிரபரணியில் தண்ணீர் வரும், கார் சாகுபடி நடக்கும். அதே ஆனி, ஆடியில் அதே பருவக்காற்று மழையை மலையிலேயே இறக்கிவிட்டு, கணவாய்கள் வழியாக வெறுங்காற்றாக இறங்கித் தேரி மணலைக் கிளப்பும். பனைமட்டை சடசடக்கும் காற்று அது. ஊரில் ஒரு சொட்டு விழாது. கறுப்பை ஆற்றில் விடுவதும் சிவப்பைக் காற்றில் விடுவதும் ஒரே பருவம், ஒரே மாதங்கள். தென்மேற்கு வலுத்தால் இரண்டும் சேர்ந்து கூடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்கு வேறு கணக்கு. அது பிசானச் சாகுபடிக்கான மழை. சமவெளியிலும் கடற்கரையிலும் கொட்டும், வெள்ளத்தைக் கொண்டுவரும், அப்போது தேரி நனைந்து அடங்கிக் கிடக்கும். 2023 வெள்ளம் அந்தப் பருவத்தின் வால்பகுதியில் வந்தது. ஒரு சேற்று அடுக்கைப் பார்த்து ‘அக்காலத்தில் பருவமழை அதிகம்’ என்று ஒருவர் சொன்னால், எங்கள் ஊர் விவசாயி கேட்கக்கூடிய முதல் கேள்வி ‘எந்தப் பருவம், காரா பிசானமா?’ என்பதுதான். அந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்தில் பிறக்காது.

எண் ஒன்றாக இருந்து அர்த்தம் நேரெதிராகும் இடங்கள் உண்டு. 1987இல் ஓமனுக்கு அப்பால் அரபிக்கடலில் ஆழ்துளைக் கப்பல் ஒன்று எடுத்த சேற்றுத் தண்டுகளை ப்ளூமெண்டால், டிமெனோகல் என்ற இருவர் முழுக்க முழுக்கக் காந்த வளையத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். 1989இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்கள் கட்டுரையின்படி, ஏறத்தாழ 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தச் சேற்றின் காந்தம் 23,000, 19,000 ஆண்டுத் தாளத்தில் ஏறி இறங்கியது. அது பூமியின் அச்சு பம்பரம்போல் தள்ளாடும் தாளம். அதற்குப் பிறகு 41,000 ஆண்டுத் தாளமும் வந்து புகுந்தது. அது அச்சின் சாய்வு கூடிக் குறையும் தாளம், துருவப் பனி பெருகிய காலத்தின் தாளம். வளையத்தில் ஓடிய எண்கள் மட்டும் வைத்து வெப்பமண்டலக் காலநிலையின் பிடி ஓர் இடத்தில் மாறியதைச் சொன்னார்கள். அங்கே காந்தம் கூடுவது என்றால் பாலைத் தூசு கூடுவது. தூசு கூடினால் வறட்சி.

இங்கே கர்நாடகத்தில், சித்ரதுர்க்கா மாவட்டத்தில் திம்மண்ணநாயக்கன கெரே என்று ஒரு குளம். மங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஆர். சங்கரும் அவர் மாணவர்களும் அதன் வண்டலில் 3,700 ஆண்டுக் கணக்கைக் காந்தத்தால் படித்து 2006இல் வெளியிட்டார்கள். அங்கே காந்தம் கூடுவது என்றால் மழை கூடுவது. மழை கூடினால் நிலத்தில் மண் வேகமாக உருவாகும், நுண்ணிய மேக்னடைட் பிறக்கும், அதையே மழை அடித்துக்கொண்டு வந்து குளத்தில் சேர்க்கும். ஓமனில் வறட்சி என்ற அதே ஏற்றம் சித்ரதுர்க்காவில் மழை என்றாகிறது. இடம் தெரியாத எண், நான்கெல்லை எழுதாமல் பரப்பளவை மட்டும் எழுதிய கிரயப் பத்திரம் போன்றது. அளவு சரியாக இருக்கலாம், நிலம் எங்கே என்று தெரியாது.

வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் கோலனும் கூட்டாளிகளும் 1998இல் செய்தது இன்னும் நுட்பமானது. அவர்கள் அளவைவிடப் பருமனைக் கவனித்தார்கள். வட அட்லாண்டிக்கில் பனிப்பாளங்கள் சிதறிக் குளிர் சட்டென்று இறங்கிய காலங்களில், இங்கே கடலுக்கு வந்த காந்தத் துகள் பருமனாகியிருந்தது. மழை குன்றியதால் பாறை சரியாக மக்காமல் பருக்கையாகவே வந்திருக்கிறது என்பது அவர்கள் வாசிப்பு. உலகின் அந்தக் கோடியில் பனி உடைந்ததற்கு ஐராவதி ஆற்றின் மண் பதில் சொல்லியிருக்கிறது. எண்ணைவிட இந்தப் பருமன் சாட்சியை நான் அதிகம் நம்புவேன். காரணம், அது ஏன் மாறியது என்று மலையிலிருந்து கடல்வரை நடந்து விளக்க முடிகிறது.

இனி சேற்றுக்குள்ளேயே நடக்கும் கலவரத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் பொதிகை உச்சிக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. 1855இல் திருவனந்தபுரம் வானோக்கு நிலைய இயக்குநர் ஜான் ஆலன் புரூன், திருவிதாங்கூர் அரசின் செலவில் அகத்தியமலை உச்சியில், 6,200 அடி உயரத்தில், காந்த ஊசியைக் கண்காணிக்க ஒரு கூடம் கட்டினார். தாமிரபரணி பிறக்கும் அதே மலை. காட்டையும் செங்குத்தையும் கடந்து கருவிகளை ஏற்றிய காரியம் அது. அங்கேயும் திருவனந்தபுரத்திலும் எடுத்த அளவீடுகள் 1874இல் நூலாக வந்தன. ஏன் அங்கே? பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென் முனையை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டில் காந்த ஊசி வடக்கே போகப்போகத் தலை குனிவதுபோல் குனியாது, தெற்கே போல வாலும் தாழாது. மட்டமாகக் கிடக்கும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் தன் ஆய்வகம் ஒன்றைத் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். சிற்பத்துக்காக ஊர் அறிந்த கிருஷ்ணாபுரம்தான். ஏரலிலிருந்து நெல்லைக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பக்கம் கடந்துபோகிற எத்தனை பேருக்கு, தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் நண்பகலில் காந்த நடுக்கோட்டை ஒட்டி ஓடும் மின்னோட்டத்தைக் காவல் காக்கும் கருவிகள் அங்கே இருப்பது தெரியும் என்று யோசித்திருக்கிறேன்.

ஊசி மட்டமாகக் கிடப்பது சேற்றுக்குள் வாழும் ஒரு ஜீவனுக்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினை. 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் என்ற அமெரிக்கர், உப்பங்கழிச் சேற்றில் காந்தத்தைப் பின்பற்றி நீந்தும் பாக்டீரியாவை விவரித்தார். அவை தம் உடலுக்குள்ளேயே மேக்னடைட் படிகங்களைச் செய்து சங்கிலியாகக் கோத்து வைத்துக்கொள்கின்றன. வட பாதியில் வடக்கு என்பது சாய்வாகக் கீழ் நோக்கியும் இருப்பதால், வடக்கே நீந்தினால் ஆக்சிஜன் குறைந்த சேற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். தென் பாதியில் தெற்கே நீந்துகிறவை பிழைக்கும். காந்த நடுக்கோட்டில்? வடக்கும் கீழே இல்லை, தெற்கும் கீழே இல்லை. பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் எடுத்த சேற்றில் இரண்டு வகையும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்ததை 1981இல் வந்த ஆய்வு காட்டியது. தாமிரபரணியின் புன்னக்காயல் முகத்துவாரத்துச் சேறும் அதே கோட்டின் பக்கம்தான் கிடக்கிறது.

இந்தப் பாக்டீரியா செத்தால் உடல் அழுகும், படிகம் சேற்றில் தங்கும். அந்தக் காந்தம் பொதிகையிலிருந்து வந்ததல்ல, தேரியிலிருந்தும் வந்ததல்ல. சேற்றிலேயே விளைந்தது. அதையும் வளையம் சேர்த்துத்தான் எண்ணும்.

அதைவிடச் சிக்கல், விளைவது போலவே அழிவதும். செழிப்பான பருவத்தில் கடலில் பாசி பெருகும், மீன் பெருகும், செத்ததெல்லாம் அடியில் சேரும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கும், பிறகு கடல்நீரின் சல்பேட்டில் கைவைக்கும். அப்போது வரும் அழுகிய முட்டை நாற்றத்து வாயு இரும்பைத் தேடித் தின்கிறது. மேக்னடைட் கரைந்து பைரைட்டாகிறது. பைரைட்டுக்குக் காந்தம் இல்லாததற்குச் சமம். சில சமயம் வழியில் கிரெய்கைட் என்ற இன்னொரு சேர்மம் பிறந்து, பல ஆயிரம் ஆண்டு கழித்து அந்த அடுக்குக்குச் சம்பந்தமில்லாத காந்தத்தைக் கொடுக்கும். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் எரிவாயு ஹைட்ரேட் தேடி எடுத்த சேறுகளில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் இதைத்தான் துப்பறிந்துகொண்டிருக்கிறார்கள். ஆக, காந்தம் குறைந்த ஓர் அடுக்கைக் கண்டால் மழை பொய்த்து ஆறு வறண்ட காலம் என்றும் சொல்லலாம், கடல் கொழித்த காலம் என்றும் சொல்லலாம். செழிப்பு தன் தடயத்தைத் தானே தின்றுவிடுகிறது. பஞ்சம் பத்திரமாக இருக்கிறது. நல்ல வேளையாக இரும்பு தின்னப்பட்டாலும் அதோடு வந்த டைட்டானியம் போன்றவை அப்படியே கிடக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் களவு போனது எவ்வளவு என்று மட்டுக்கட்டலாம். காந்தத்தை மட்டும் வைத்துக் காலநிலை சொல்கிற கட்டுரையைக் கண்டால் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

கடல் மட்டமும் சும்மா இருக்கவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்து போகலாம். தாமிரபரணியின் வாய் இன்றைய கரையைத் தாண்டிக் கிழக்கே போய் ஆழ்கடலின் விளிம்பில் கொட்டியிருக்கும். அந்த அடுக்குகளில் கருமணல் கூடியிருந்தால் மழை கூடியது காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆற்றின் வாய் பக்கத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். கடல் ஏறி வந்தது, பிறகு ஆறு தன் வண்டலால் அதை மெல்லத் தள்ளியது. பாண்டியரின் முத்துத்துறையாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு முதல் கேள்விக்கு வந்தால் கிடைக்கும் பதில் ஏமாற்றம்தான். 2023 போன்ற ஒரு வெள்ளத்தைக் கடல் நினைவில் வைத்திருக்குமா? ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படிகிறது. கரையோரம் கூடுதலாகப் படியும். ஆனால் மேல் அடுக்கைப் புழுக்களும் நண்டுகளும் ஓயாமல் கிளறுகின்றன. இரண்டு நாள் மழை அங்கே ஒரு கோடாகக்கூடத் தேறாது. 2004 சுனாமி தென்கிழக்குக் கரையோரம் விட்டுப்போன படிவைக் காந்தத்தால் பிரித்தறிந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் புவிகாந்தவியல் நிறுவனத்தாரும் 2014இல் எழுதியிருக்கிறார்கள். அது கடல் கடலையே புரட்டிப்போட்ட நிகழ்ச்சி, படிந்து சில ஆண்டுகளே ஆன சேறு. மற்றபடி கடலுக்கு நூற்றாண்டுகள்தான் தெரியும், நாட்கள் தெரியாது. மார்பளவு தண்ணீரில் மாட்டை அவிழ்த்துவிட்டவரின் கேள்வி அதன் அளவுகோலுக்குள் அடங்காது.

கடலிடம் கேட்க இன்னொரு தடையும் உண்டு. அதை உண்டாக்கியது நாம். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை, ஒன்றன்பின் ஒன்றாக எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றில் இருக்கின்றன. மேலே 1940களில் பாபநாசம், 1958இல் மணிமுத்தாறு, 1980களில் சேர்வலாறு. மலையிலிருந்து வரும் பருமணல் அவற்றின் வயிற்றில் தங்குகிறது. தப்பி வந்ததை லாரிகள் அள்ளின. 2010இல் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான இரா. நல்லகண்ணு தாமே நீதிமன்றம் போய் வாதாடி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மணல் அள்ளத் தடை வாங்கினார். பிறகு தூர்வாருகிறோம் என்ற பெயரிலும் மணல் போனது. புன்னக்காயலுக்கு அப்பால் கடலடிச் சேற்றின் மேல் அடுக்கில் காந்தம் குறைந்திருப்பதை இன்னும் ஐந்தாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் கண்டால், மழை பொய்த்த நூற்றாண்டு என்று எழுதிவிடக்கூடும். பொதுப்பணித்துறை ஆவணம் அதற்குள் பிழைத்திருந்தால் தப்பினோம்.

ஏரலுக்குப் பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 3345 வரை வயது போவதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோது ஊரே பூரித்தது. அது விழா எடுக்கத்தக்க இரும்பு. தேரி குவிந்து ஓய்ந்த காலமும் அந்த இரும்பின் காலமும் சில நூற்றாண்டு இடைவெளியில் வருவதைப் பார்த்தால் முடிச்சுப் போட ஆசை வரும். இரண்டு தேதிகள் அருகருகே இருப்பது உறவாகிவிடாது. அந்த மக்கள் எந்த மழையில் நனைந்தார்கள், கார் வலுத்த காலமா பிசானம் வலுத்த காலமா என்று தெரிய, வாளையும் தாழியையும் விட்டுவிட்டுச் சேற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத இரும்பிடம் வர வேண்டும். அதை மேடையில் வைத்துத் திறந்து காட்ட முடியாது என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை.

கடல் தராததைக் குளங்கள் தரலாம் என்று நினைக்கிறேன். சித்ரதுர்க்காவில் கிடைத்தது ஒரு குளத்துக் கணக்குதான். கடம்பாகுளம், கொற்கைக் குளம், ஆறுமுகமங்கலம் குளம் என்று இந்தக் கடைமடையில் இருப்பவை எல்லாம் ஆற்றின் கால்வாய்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக வண்டல் கொண்டுவந்து சேர்த்த பள்ளங்கள். கடலைவிட வேகமாகப் படிபவை. பெருவெள்ளம் வந்த ஆண்டு பருமணல் கோடாகத் தங்கக் கடலைவிட இங்கே வாய்ப்பு அதிகம். ஆனால் கோடையில் குளம் காய்ந்து வெடிப்பதும், மாடு இறங்கி மிதிப்பதும், விவசாயிகள் காலங்காலமாக வண்டிவண்டியாகக் கரம்பை அள்ளியதும் அந்த ஏட்டில் பக்கங்களைக் கிழித்திருக்கும். போதாததற்கு இப்போது ஜேசிபிகள் இறங்குகின்றன. 2017இல் குடிமராமத்துத் திட்டம் வந்த பிறகு கிழிந்தவை எத்தனையோ. குளத்தைத் தூர்வார வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. தண்ணீர் நிற்க வேண்டும், பயிருக்கு மண் வேண்டும். தூர்வாரும் முன்பு, குளத்தின் நடு ஆழத்தில் நாலைந்து பிவிசி குழாய்களை நேராக அடித்து இறக்கி, சேறு குலையாமல் எடுத்து, இரு முனையையும் அடைத்து, எது மேல்பக்கம் என்று பெயின்ட்டால் அம்புக்குறி போட்டு, திருநெல்வேலியில் ஏதாவது ஒரு கல்லூரியின் குளிர்ந்த அறையில் படுக்கவைக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு ஜேசிபியின் சில மணி நேர வாடகையைத் தாண்டாது. படிப்பது பிறகு யாராவது படித்துக்கொள்ளட்டும்.